அமாவாசைக்கு யார் பேர் வச்சது?

தமிழ்நாட்டுச் சேரிகளில் அமாவாசை, கார்த்திகை, மாசி, சித்திரை என்று நாளும் மாதமுமே பேராகிப்போன ஆட்கள் உண்டு. பிறந்த பொழுது பேராவதில் இழிவு ஒன்றுமில்லை. ஆனால் 'அமைதிப்படை' (1994) படத்தில் அமாவாசை என்பவன் அரசியலில் ஏறியதும் நாகராஜ சோழன் எம்.ஏ. ஆகிவிடுகிறான். கொட்டகை சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு வயசு அதிகம். சூத்திரனுக்கு இழிவு தோன்றப் பேர் வை என்கிறது மனு (2:31). சூத்திரனுக்கே அப்படின்னா, அவனுக்கும் கீழே தள்ளப்பட்டவனுக்கு?

மெக்சிகோவின் நாவா மக்களிடமும் நாள்பேர் இருந்தது. முதலை, காற்று, மான், முயல், நாய், பூ என 20 நாட்குறிகள். கூடவே 1 முதல் 13 வரை எண்கள். சுற்று முடிய 260 நாள். பிறந்த நாளே பிள்ளைக்குப் பேர். கெட்ட நாளில் பிறந்தால், நாள் கணிப்பவர் நீராட்டுச் சடங்கை நல்ல நாளுக்குத் தள்ளிவைப்பார்; அந்த நல்ல நாள் பேராகும். நமக்கு அப்படித் தள்ளிவைக்க யாரும் இல்லை.

1521இல் ஸ்பானியர் அந்த நாட்டைப் பிடித்தார்கள். ஞானஸ்நானத்தில் சனங்கள் ஹுவான், பெத்ரோ ஆனார்கள். ஆனாலும் 1560இல் உவெஹோத்சிங்கோவில் எடுத்த குடிக்கணக்கில், அந்த மண்ணின் எழுத்தர்கள் ஒவ்வொரு ஆளின் தலையையும் வரைந்து, பக்கத்திலேயே அவரது நாவா பேரைச் சித்திரக் குறியாகப் போட்டார்கள். சாதாரணக் குடியானவனுக்கும் அந்தக் குறி கிடைத்தது.

அதே காலத்தில்தான் நம்ம முத்துக்குளித்துறையிலும் பேர்கள் மாறின. 1530களில் பரதவர் திரளாக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1544இல் பக்கத்துத் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்த சவேரியார், ஒவ்வொருவருக்கும் புதுப்பேரை எழுதிக் கொடுத்ததாகத் தன் கடிதத்தில் சொல்கிறார். பெர்னாண்டோ, மச்சாது, ரோச் என்று தூத்துக்குடியில் இன்றும் அந்தப் போர்த்துக்கீசியப் பேர்கள் புழங்குகின்றன. அந்தக் கரையின் பேர்மாற்றத்துக்குக் கடிதமாவது சாட்சி.

அதே தூத்துக்குடியின் உப்பளங்களில் வெந்த நம்ம சனங்களுக்கு? பேரைச் சொன்னது இவர்கள், கணக்கில் எழுதினது இன்னொருத்தன். இவர்கள் போட்டது பெருவிரல் ரேகை. ஏளனமா எழுதினானா, சரியா எழுதினானான்னு வாசிச்சுப் பார்க்கக்கூட வழியில்லை.

அமாவாசை கேவலமான நாள் இல்லை. கடல் பெருக்கெடுக்கிற நாள். நம்ம பாட்டன் பாட்டி பேரைக் கேளுங்க. அதை யார் வச்சது, எந்த நாளில் பிறந்ததால வந்தது, அதைச் சொல்லி யார் சிரிச்சாங்க, எல்லாத்தையும் எழுதிவைங்க. உவெஹோத்சிங்கோவின் ஏட்டை அந்த ஊர்க்காரங்களே எழுதினாங்க. நம்ம ஏட்டையும் நாமதான் எழுதணும்.