புனேயின் பாட்டும் மலிவுக் கணினியும்

புனே நகரில் இசைப்பதிவு என்பது இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நிறுவனங்களின் தொழிலாகவே இருந்தது. கோலாப்பூரில் தொடங்கப்பட்ட பிரபாத் திரைப்பட நிறுவனம் 1933இல் புனேக்கு இடம்பெயர்ந்து படப்பிடிப்புக் கூடங்களைக் கட்டியபோது, அதன் பங்குதாரர்களில் ஒருவரான விஷ்ணுபந்த் தாம்லே ஒலிப்பதிவையும் கவனித்துக்கொண்டார். அந்த வளாகத்திலேயே 1960இல் மைய அரசின் திரைப்படக் கல்லூரி அமைந்தது. ஒலிப்பதிவைப் பாடமாகக் கற்க நாட்டின் பல பகுதிகளிலிருந்து மாணவர்கள் அங்கு வந்தனர். வானொலியின் கதையும் இதுவே. க.தி. மாட்கூள்கர் எழுதி, சுதீர் பட்கே இசையமைத்த ‘கீத ராமாயணம்’ 1955 ஏப்ரல் முதல் ஓராண்டுக்கும் மேலாக, 56 பாடல்களாக, புனே வானொலி நிலையத்திலிருந்து ஒலிபரப்பாகி மராத்தியர் வீடுகளில் எல்லாம் ஒலித்தது. இத்தனை பெரிய படைப்பும் அரசு நிலையம் ஒன்றின் மைக்குகளையும் கலைஞர் குழுவையும் நம்பியே உருவாயிற்று. கவிஞரோ இசையமைப்பாளரோ தம் வீட்டில் அதைப் பதிவுசெய்துகொள்ளும் வழி அன்று இல்லை.

கணினி வந்த பிறகும் இந்நிலை உடனே மாறவில்லை. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு வெளியிட்ட புதிய கணினிக் கொள்கை இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தும்வரை, வெளிநாட்டுக் கணினி ஒன்றைத் தனியார் வாங்குவது எளிதாக இருக்கவில்லை. அமெரிக்கா க்ரே வகை மீத்திறன் கணினியை இந்தியாவுக்குத் தரத் தயங்கியதையடுத்து, 1988இல் புனேயில் சி-டாக் என்ற அரசுக் கணினி ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டு, விஜய் பட்கரின் தலைமையில் 1991இல் பரம் 8000 என்ற மீத்திறன் கணினி உருவானது. விலையுயர்ந்த ஒரே பெரிய செயலிக்குப் பதிலாகச் சிறிய செயலிகள் பலவற்றைப் பிணைத்து வேலைவாங்கும் அமைப்பு அது. இன்றைய சாதாரண மடிக்கணினியின் கணக்கிடும் வேகம் பரமின் வேகத்தைப் பன்மடங்கு கடந்துவிட்டது. ஆனால் பரம் உருவான ஆண்டில் அதே நகரத்துப் பாடகர் ஒருவர் தம் குரலை வீட்டில் பதிய விரும்பியிருந்தால், அவருக்குக் கைகொடுத்தது கேசட் ரெக்கார்டர்தான்.

வீட்டு இசைக்குள் கணினி நுழைந்த வழி சென்னையில் வேறு, புனேயில் வேறு என்பதைக் கவனிக்காமல், வீட்டில் பாட்டைப் பதிய எந்தக் கணினி போதும் என்ற கேள்விக்கு விடை காண முடியாது. சென்னை வழியின் அடிப்படை, 1983இல் வாத்தியக் கருவி நிறுவனங்கள் ஒப்புக்கொண்ட மிடி என்ற பொதுமுறை. இதில் ஒலி பயணம் செய்வதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தமாக, எவ்வளவு நேரம் அழுத்தப்பட்டது என்ற குறிப்பு மட்டுமே ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும். குறிப்பு மட்டும் என்பதால் அதற்கு நினைவகமும் வேகமும் மிகக் குறைவாகவே தேவைப்பட்டன. 1985இல் வந்த அடாரி எஸ்.டி. கணினியில் மிடி வாயில்கள் கணினியுடனேயே பொருத்தப்பட்டிருந்ததால், குறைந்த செலவில் வாத்தியக் கோவை அமைக்க விரும்பியோர் உலகெங்கும் அதை நாடினர். ஏ.ஆர். ரஹ்மான் 1989இல் தம் கோடம்பாக்கம் வீட்டு வளாகத்தில் பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற கூடத்தை அமைத்து, 1992இல் ‘ரோஜா’வின் இசையைத் தந்தது, விசைப்பலகையும் கணினியும் இணைந்த இந்த வழியின் தமிழ்நாட்டு முகம் எனலாம்.

புனேயின் பாட்டு இந்த வழியில் வர மறுத்தது. பாஸ்கர்புவா பக்லே 1911இல் தொடங்கிய பாரத் காயன் சமாஜ், விநாயகராவ் பட்வர்தன் 1932இல் தொடங்கிய காந்தர்வ மகாவித்யாலயா, 1953 முதல் நடக்கும் சவாய் கந்தர்வ விழா ஆகியவற்றைச் சுற்றி வளர்ந்த அந்நகரின் செவி, இந்துஸ்தானி இசையின் கயால் பாட்டுக்குப் பழகியது. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு அறுபடாமல் வழுக்கிச் செல்லும் மீண்ட், அதாவது கர்நாடக இசையின் ஜாருவுக்கு நெருங்கியது, இந்தப் பாணியின் உயிர். மிடியோ ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு நிலையான கட்டைகளாகவே முதலில் பார்க்கிறது. சுரத்தை வளைக்கும் சக்கரம் இருந்தாலும் அது பெரும்பாலான கருவிகளில் மேலும் கீழும் இரண்டு அரைச்சுரங்களுக்கு மேல் செல்லாதபடியே அமைக்கப்பட்டு வந்தது. இதே குறையைக் காரணம் காட்டி அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்ததை நினைத்தால், விசைப்பலகையின் மீதான ஐயம் கணினியோடு பிறந்ததன்று என்பது விளங்கும். ஆகவே புனேயில் கணினி வாத்தியமாக அல்ல, பதிவுக் கருவியாகவே பயன்பட வேண்டியிருந்தது.

பதிவுக்குத் தேவையான கணக்கு வேறு வகையானது. குறுந்தகட்டுத் தரத்தில் ஒலி வினாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் இரண்டு பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அதாவது ஒரு தடத்துக்கு வினாடிக்கு 88,200 பைட்டுகள். குரல், தம்புரா, தபலா, ஆர்மோனியம் என நான்கு தடங்களில் ஒரு மணி நேரக் கயாலைப் பதிந்தால் சுமார் 1.27 ஜிபி இடம் வேண்டும். 1990களின் நடுவில் வீட்டுக் கணினியின் வன்தட்டே ஒரு ஜிபியை ஒட்டித்தான் இருந்தது என்பதால், ஒரு கச்சேரி முழுவதும் அதில் அடங்காது. வன்தட்டின் கொள்ளளவு பெருகி, தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தின்படி கணினிகள் மீதான சுங்க வரி 2005க்குள் நீங்கியபின் இடம் ஒரு சிக்கலாக இருக்கவில்லை. அடுத்த சிக்கல் தாமதம்.

பாடகர் மைக்கில் பாடும் ஒலி கணினிக்குள் சென்று, காதொலிப்பான் வழியே அவர் காதுக்குத் திரும்ப எடுக்கும் நேரமே தாமதம் எனப்படுகிறது. கணினி ஒலியைத் துளித்துளியாக அல்ல, கட்டுக்கட்டாகவே கையாள்கிறது. 1,024 அளவுகள் கொண்ட ஒரு கட்டு நிரம்பச் சுமார் 23 மில்லி வினாடியும், 256 அளவுகள் கொண்ட கட்டு நிரம்பச் சுமார் 6 மில்லி வினாடியும் ஆகும். உள்ளே வரவும் வெளியே போகவும் தனித்தனியே இந்த நேரம் கழிகிறது. விளம்ப காலத்தில் மெல்ல ஆலாபனை செய்பவருக்கு இது உறுத்தாமல் போகலாம். ‘தான்’ எனப்படும் துரித காலச் சுரக்கோவையில் தபலாவோடு மோதும்போது உடனே உறுத்தும். ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997இல் அறிமுகப்படுத்திய ஏசியோ என்ற முறை, இயங்குதளத்தின் இடைத்தரகைத் தவிர்த்து மென்பொருளை ஒலி அட்டையோடு நேரே பேசவைத்ததால், நடுத்தர விலைக் கணினியிலும் இத்தாமதம் தாங்கத்தக்க அளவுக்கு இறங்கியது. வீட்டுப் பதிவின் வரலாற்றில் செயலியின் வேகத்தைவிட இந்த மாற்றமே பெரிது.

புனேயில் மற்றொரு செலவும் இருந்தது. 2000களின் நடுப்பகுதியில் மகாராஷ்டிரத்தில் மின்வெட்டு கடுமையாக இருந்தது. 2006இல் நகரத் தொழிற்சாலைகள் தம் ஜெனரேட்டர்களை இயக்கி, அதனால் மிஞ்சும் மின்சாரத்தை வீடுகளுக்கு விட, அதற்கான கூடுதல் செலவை அதிக மின்சாரம் பயன்படுத்துவோர் ஏற்கும் ‘புனே மாதிரி’ நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு, பதிவின் நடுவே மின்சாரம் போனால் சேமிக்காத தடம் அழிந்துவிடும் என்பதால், கணினிக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பங்கை யு.பி.எஸ்.ஸுக்கு எடுத்துவைக்காமல் தீராது. மென்பொருளின் விலை மட்டும் நாளடைவில் இறங்கியது: 2000இல் வந்த ஆடாசிட்டி இலவசம், சில ஆண்டுகள் கழித்து வந்த ரீப்பருக்கோ சிறிய உரிமக் கட்டணமே.

கணினி எழுப்பும் சத்தம் நெடுங்காலம் தீராத தொல்லை. கண்டென்சர் மைக் நுண்ணிய ஒலியையும் பிடிப்பதால், ஆலாபனையின் தொடக்கத்தில் தம்புராவின் கார்வைக்கு அடியில் கணினி விசிறியின் இரைச்சலும் பதிந்துவிடும். பதிவு முடிந்தபின் அதை வடிகட்டினால் தம்புராவின் மேல்சுரங்களும் சேர்ந்தே போகும். 2020 நவம்பரில் வெளியான எம்1 சில்லுடைய மேக்புக் ஏர் போன்ற, விசிறியே இல்லாத மடிக்கணினிகள் இத்தொல்லையை ஓரளவு நீக்கின.

இன்று வாத்தியக்குழுவின் ஒலி மாதிரிகளை அடுக்கி இசையமைப்பவருக்கு 32 ஜிபி நினைவகம் தேவைப்படலாம். அவருடைய பட்டியலைப் பார்த்து கயால் பதிபவரும் அதையே வாங்குவது வீண். நான்கு தடங்களுக்கு 8 ஜிபியும் ஓர் எஸ்.எஸ்.டி.யும் தாராளம். கலைஞர்கள் நால்வரும் ஒருசேர வாசிப்பார்கள் என்பதால், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் நான்கு உள்வாயில்கள் அவசியம். கடைகளில் மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டே உண்டு. கைவசமுள்ள கணினி விசிறிச் சத்தமின்றி இயங்கினால் அதை வைத்துக்கொண்டு, மிச்சப் பணத்தை அந்த நான்கு வாயில் பெட்டிக்கும் ஒரு நல்ல மைக்குக்கும் செலவிடுவதே கயால் பதிபவருக்குச் சரியான கணக்கு.