தலைநகர் காண்டலும் கல்லெழுத்து வாசித்தலும்: தில்லித் தூண்களை முன்வைத்து

முன்னுரை

தில்லிக்கு வருவோர் செங்கோட்டை, குதுப் மினார், இந்தியா கேட் ஆகிய மூன்றையும் தவறாமல் கண்டு திரும்புகின்றனர். குதுப் மினாரின் உயரம் ஏறத்தாழ 73 மீட்டர் என்பதும், இந்தியா கேட்டின் உயரம் 42 மீட்டர் என்பதும் வழிகாட்டிகள் முதலில் கூறும் செய்திகளாகும். ஆயின் இவ்விரண்டும் எழுத்துத் தாங்கிய கட்டடங்கள் என்பது அத்துணை கவனம் பெறுவதில்லை. மினாரைச் சுற்றி அரபு எழுத்துப் பட்டைகள் அமைந்துள்ளன. 1931-இல் திறக்கப்பட்ட இந்தியா கேட்டில் 13,000-க்கும் மேற்பட்ட போர்வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தலைநகரில் நாம் காண்பவற்றை வாசிக்கவும் செய்கிறோமா என்னும் வினாவை இந்நகரின் இரண்டு தூண்களைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரும்புத் தூண்

குதுப் வளாகத்துப் பள்ளிவாசல் முற்றத்தில் நிற்கும் இரும்புத் தூண் ஏறத்தாழ 7 மீட்டர் உயரமும் 6 டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடையது. துருப்பிடிக்காத தன்மையே இதன் சிறப்பாகப் பேசப்படுகிறது. இதில் குப்தர் கால எழுத்தில் அமைந்த ஆறு வரி வடமொழிக் கல்வெட்டு உள்ளது. 'சந்திர' என்னும் அரசனின் வெற்றிகளைக் கூறும் அக்கல்வெட்டு, இத்தூண் விஷ்ணுபதம் என்னும் குன்றில் திருமாலின் கொடிமரமாக நிறுவப்பட்டது என்கிறது. அவ்வரசன் இரண்டாம் சந்திரகுப்தன் என்பது அறிஞர் பலரின் கருத்து. எனவே இது தில்லிக்கு வேறோரிடத்திலிருந்து வந்து சேர்ந்த தூண் என்பதைத் தூணே கூறுகிறது. ஆனால் வந்தோர் இதனை வாசிக்கவில்லை, தழுவினர். தூணில் முதுகைச் சாய்த்துக் கைகளைப் பின்னால் கோக்க முடிந்தால் நற்பேறு கிட்டும் என்னும் நம்பிக்கை பரவியிருந்தது. கைபட்டுத் தேய்வதைத் தடுக்க 1997-இல் வேலி அமைக்கப்பட்டது.

பெயர்த்து வந்த கற்றூண்

தில்லி கேட்டுக்கு அருகிலுள்ள பிரோஸ் ஷா கோட்லாவுக்குச் செல்வோர் மிகச் சிலரே. பக்கத்துக் கிரிக்கெட் திடலை அறிந்தோர்கூட இக்கோட்டையினுள் அசோகரின் தூண் நிற்பதை அறிவதில்லை. பிரோஸ் ஷா துக்ளக் 1354-இல் தொடங்கிய பிரோசாபாத் நகரின் எச்சம் இது. இன்றைய அரியானா மாநிலத்துத் தோப்ரா என்னும் ஊரிலிருந்து ஏறத்தாழ 13 மீட்டர் நீளமுள்ள இத்தூணை அவர் பெயர்த்துக் கொணர்ந்தார். அந்நிகழ்வின்போது பன்னிரண்டு வயதுச் சிறுவனாயிருந்த ஷம்ஸ்-இ-சிராஜ் அஃபீஃப் பின்னாளில் எழுதிய வரலாற்றில் அதனை விரிவாகப் பதிவுசெய்துள்ளார். தூண் சாயும்போது சிதையாதிருக்க இலவம்பஞ்சு பரப்பப்பட்டது. பின்னர் நாணலும் பதப்படுத்தாத தோலும் சுற்றப்பட்டன. 42 சக்கரங்கள் கொண்ட வண்டியிலேற்றி யமுனைக் கரைக்கு இழுத்துவந்து, படகுகளில் தில்லிக்குக் கொண்டுவந்தனர்.

அஃபீஃப் தரும் மற்றொரு செய்தி நம் பொருளுக்கு இன்றியமையாதது. தூணிலுள்ள எழுத்தைப் படிக்க அந்தணர் பலரை அழைத்தும் ஒருவராலும் இயலவில்லை. பிரோஸ் என்னும் அரசன் தோன்றும்வரை இத்தூணை எவராலும் அசைக்க முடியாது என்று அதில் எழுதியிருப்பதாகச் சிலர் பொருள் கூறினர் என்றும் அவர் குறிப்பிடுகிறார். வாசிக்கப்படாத எழுத்தில் ஆள்வோர் தம் பெயரைக் காண்பது எளிது என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை.

வாசிப்பும் அதன் விளைவும்

தூண் தில்லிக்கு வந்து ஏறத்தாழ 480 ஆண்டுகள் கழித்து, 1837-இல், ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்தறிந்தார். சாஞ்சித் தூண்களில் அடிக்கடி வரும் 'தானம்' என்னும் சொல் அவருக்குத் திறவுகோலாயிற்று. அதன் துணையோடு அவர் படித்த நெடிய சாசனங்களுள் தில்லித் தூணின் சாசனம் முதன்மையானது. அசோகரின் ஏழாம் தூண் சாசனம் இத்தூணில் மட்டுமே காணப்படுகிறது. விலங்குக்கும் மாந்தர்க்கும் நிழல்தர வழியோரம் ஆலமரங்கள் நட்டதையும், கிணறுகள் தோண்டியதையும் அது கூறுகிறது. இத்தகைய நலங்களை முன்னை அரசரும் செய்துள்ளனர் என ஒப்புக்கொண்டு, மக்கள் அறவழி நிற்பதே தம் நோக்கம் என்கிறது. இவ்வறம் சூரிய சந்திரர் உள்ளளவும் நிலைக்க வேண்டும் என்றும் விழைகிறது. தமிழ்க் கல்வெட்டுகளில் 'சந்திராதித்தவல்' எனப் பயிலும் தொடரை அறிந்தோர்க்கு இவ்விழைவு அயலானதன்று.

பிராமி வாசிப்பின் பயன் தமிழகத்தையும் எட்டியது. பாண்டிநாட்டுக் குகைகளிலுள்ள எழுத்துகளின் மொழி தமிழே என்று 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். ஐராவதம் மகாதேவன் அவற்றைத் தொகுத்து ஆராய்ந்து வெளியிட்ட பெருநூல் 2003-இல் வந்தது. பண்டைத் தமிழ் எழுத்தின் வரலாற்றைப் பயில்வோர்க்குக் கோட்லாத் தூண் தொலைவிலுள்ள காட்சிப்பொருள் அன்று. தம் துறையின் தொடக்கப் பாடங்களுள் ஒன்று எனலாம்.

முடிவுரை

தலைநகரை ஆண்டோர் பழைய எழுத்தைத் தம் பெருமைக்கு அணியாக்கிக்கொண்டனர். எனினும் கல் தன் சொல்லை இழக்கவில்லை. வாசிப்போர் வரும்வரை காத்திருந்தது. இன்றும் வியாழக்கிழமைகளில் எளிய மக்கள் கோட்லாவுக்கு வந்து, அங்கு உறைவதாக நம்பப்படும் ஜின்களுக்குத் தம் குறைகளைக் கடிதமாக எழுதிச் சுவர்ப் பிறைகளில் வைத்துச் செல்கின்றனர். தூணில் உறையும் ஜின்னை 'லாட் வாலே பாபா' என அழைக்கின்றனர். தூணின் மேல் குடிகளின் நலம் பற்றிய அரசனின் சொல் இருக்கிறது. அதன் அடியில் குடிகளின் விண்ணப்பம் இருக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்து வாசிப்பதே தலைநகரைக் காண்பதாகும். தமிழ் ஆய்வாளரும் மாணவரும் தில்லிக்கு வரும்போது, தம் பயணத்தில் ஒரு முற்பகலையேனும் கோட்லாவுக்கு ஒதுக்குதல் வேண்டும்.