கிருஷ்ணபிள்ளை கண்ட அருள்

கிறித்தவர் அருளென்று கூறுவது, மனிதன் தன் முயற்சியாற் பெறாது, இறைவன் தானே முன்வந்தளிக்கும் கொடையாகும். நெல்லைச் சீமையிலே, கரையிருப்பில் 1827-இல் வைணவக் குடியிற் பிறந்த கிருஷ்ணபிள்ளை, சாயர்புரத்தில் தமிழாசிரியராய் அமர்ந்த காலத்துக் கிறித்தவத்தை விரும்பினாரல்லர். நூல்களும் நண்பர் உரையாடலும் அவர் நெஞ்சைக் கலக்கின. 1858-இல் சென்னையிலே திருமுழுக்குப் பெற்றார். உற்றாரைப் பிரியும் துயர் அந்நாளில் அற்பமன்று. ஆயினும், கம்பனை அவர் பிரிந்தாரல்லர். அது தமிழ் செய்த பேறு. ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத் தழுவி அவர் பாடிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894-இல் நூலாக வெளிவந்தது. பனியன் கதையிலே, பயணி முதுகிற் சுமந்த பாவச்சுமை சிலுவையின் முன் தானே கழன்று வீழ்கின்றது. அவன் கை அதனை அவிழ்க்கவில்லை. தம் வாழ்வையும் கிருஷ்ணபிள்ளை அவ்வாறே கண்டார் போலும்.