அதிவேகம் என்னும் ஒற்றைச் சொல்

சாலையில் ஓர் உயிர் போனதும் நம் காவல் நிலையங்களில் எழுதப்படும் முதல் தகவல் அறிக்கையில் பெரும்பாலும் ஒரே தொடரைக் காணலாம். வாகனத்தை ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ ஓட்டிவந்து மோதியதாக அது கூறும். பட்டுக்கோட்டைக் கடைத்தெருவில் மிதிவண்டிக்காரர் அடிபட்டாலும் சரி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மல்லிப்பட்டினத்தருகே வேன் கவிழ்ந்தாலும் சரி, இந்தத் தொடர் மாறுவதில்லை. இது எங்கிருந்து வந்தது? இது சொல்வதுதான் விபத்துகளின் மெய்யான காரணமா?

கேள்வி சிறியதன்று. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாடு முழுவதும் நேர்ந்த மரணங்களில் நூற்றுக்கு 71க்கு அதிவேகமே காரணம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை உரைக்கிறது. அந்த அறிக்கைக்கான விவரங்களைத் தருபவை மாநிலக் காவல்துறைகளே. எனவே காவல் நிலையத்தில் எழுதப்படும் ஒரு சொல்லின் வரலாற்றை அறியாமல் அந்த 71இன் பொருளை நாம் அறிய இயலாது.

அச்சொல்லின் மூலம் 1860இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டம். அதன் 279ஆம் பிரிவு பொதுவழியில் கண்மூடித்தனமாகவோ கவனமின்றியோ வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்கியது. 1870இல் சேர்க்கப்பட்ட 304ஏ பிரிவு அத்தகைய செயலால் நேரும் மரணத்துக்குத் தண்டனை விதித்தது. மோட்டார் வண்டியே பிறவாத காலம் அது. சாரட்டு வண்டியையும் மாட்டு வண்டியையும் மனத்திற் கொண்டே சட்டம் எழுதப்பட்டது. அது தண்டிக்க விழைந்தது வேகத்தை அன்று, மனநிலையை. 1872இல் சென்னை உயர் நீதிமன்றம் இதற்குத் தெளிவான விளக்கம் தந்தது. தீங்கு நேரக்கூடும் என்று உணர்ந்திருந்தும், நேராது என்ற நம்பிக்கையில் துணிந்து செயல்படுவதே கண்மூடித்தனம். தீங்கு நேரக்கூடும் என்ற உணர்வே இன்றிச் செயல்படுவது கவனமின்மை. இவ்வளவு நுட்பமான ஒரு கருத்து, தமிழில் வழக்கு எழுதும் மேசைக்கு வந்தபோது ‘அதிவேகம்’ ஆகிவிட்டது. 2024 ஜூலை முதல் நாள் தொட்டு அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. பிரிவுகளின் எண்கள் மாறின, கருத்து மாறவில்லை.

இந்த மயக்கத்தை உச்ச நீதிமன்றமே 1998இல் சுட்டிக்காட்டியது. கர்நாடகத்தில் ஒரு லாரி கவிழ்ந்து 15 பேர் இறந்த வழக்கு அது. லாரி ‘அதிவேகமாக’ வந்தது என்றனர் சாட்சிகள். எவ்வளவு வேகம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதிவேகம் என்பது இடத்துக்கும் சூழலுக்கும் ஏற்ப மாறுகின்ற சொல். அதை மட்டும் கொண்டு ஒருவரைக் குற்றவாளி எனத் தீர்க்க முடியாது என்று கூறி நீதிமன்றம் ஓட்டுநரின் விடுதலையை உறுதிசெய்தது. பதினைந்து குடும்பங்கள் இழந்தவற்றுக்கு அத்தீர்ப்பு ஆறுதல் ஆகாது. ஆயினும் ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டு விசாரணையை முடித்துக்கொண்டால் நீதி கிடையாமற் போகும் என்பதை அது உணர்த்தவில்லையா?

மற்றொரு வழக்கு நம் மாநிலத்தைச் சார்ந்தது. நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை அகற்ற வேண்டுமென வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கில், 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னாளில் அதில் தளர்வுகள் வந்தன என்றாலும், 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. அத்தீர்ப்பில் நாம் எண்ணிப்பார்க்க வேண்டிய ஒரு குறிப்பு உண்டு. குடித்து ஓட்டியதால் நேர்ந்த மரணங்கள் அரசுக் கணக்கில் குறைத்தே காட்டப்படுகின்றன. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு கிடைக்காமற் போகுமோ என்ற எண்ணம் அதற்கு ஒரு காரணம் என்றது நீதிமன்றம். இரக்கத்தால் மறைத்தாலும் மறைத்தது மறைத்ததே. மறைந்த காரணங்களின் இடத்தை நிரப்ப ‘அதிவேகம்’ எப்போதும் ஆயத்தமாக நிற்கிறது.

அப்படியானால் வேகம் குற்றமற்றதா? அவ்வாறு சொல்லவும் வரலாறு இடந்தருவதில்லை. 1896 ஆகஸ்டில் லண்டனில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண்மணி மோட்டார் வண்டி மோதி இறந்தார். அந்நாட்டில் மோட்டார் வண்டியால் மாண்ட முதல் பாதசாரி அவரே என்பர். வண்டி மணிக்கு ஏறத்தாழ நான்கு மைல் வேகத்தில், அதாவது மனிதர் விரைந்து நடக்கும் வேகத்தில், வந்ததாக ஓட்டியவர் சொன்னார். மெதுவான வண்டியும் கொல்லக்கூடும் என்பது அதன் பாடம். அடுத்த பாடம் வேறு விதமானது. 1930ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரிட்டன் கார்களுக்கான வேக வரம்பை நீக்கியது. 1934இல் அங்கே சாலை மரணங்கள் 7,343ஐ எட்டின. 1935 மார்ச்சில் குடியிருப்புப் பகுதிகளுக்கு மணிக்கு 30 மைல் என்ற வரம்பு வந்தது. ஓட்டுநர் தேர்வும் அதே ஆண்டில் கட்டாயமாயிற்று. அவ்வாண்டின் மரணங்கள் 6,502. எண்ணெய் நெருக்கடியால் அமெரிக்கா 1974இல் நாடு முழுதும் 55 மைல் வரம்பு விதித்தபோதும், பயணங்கள் குறைந்ததும் சேர்ந்துகொள்ள, மரணங்கள் 54,052இலிருந்து 45,196ஆக இறங்கின.

காரணம் எளிது. வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரமும் நான்கு மடங்காகும். விபத்து நேர்வதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். நேர்ந்த விபத்தில் அடிபட்டவர் எழுந்து நடப்பாரா, தூக்கிச் செல்லப்படுவாரா என்பதைத் தீர்மானிப்பதில் வேகத்துக்கே பெரும்பங்கு. தவறு எங்கோ பிறக்கிறது. அதற்கான விலையை வேகம் நிர்ணயிக்கிறது.

இந்த உண்மையை நம் டெல்டாச் சாலைகளோடு பொருத்திப் பார்ப்போம். இங்குள்ள பழைய வழிகள் பல ஆற்றங்கரைகளிலும் வாய்க்கால் கரைகளிலும் உருவானவை. 1934இல் மேட்டூர் அணையோடு நிறைவுற்ற கல்லணைக் கால்வாய், ‘புது ஆறு’ என்ற பெயரோடு ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பகுதிகளுக்கு நீர் கொணர்ந்தது. அதன் கிளைகளின் கரைகளும் வழிகளாயின. நீர் வளைந்த இடத்தில் சாலையும் வளைந்தது. மதகு வந்த இடத்தில் குறுகியது. மாட்டு வண்டிக்கு அது போதும். அதே வளைவின்மீது தார் பூசி, அறுவடைக் காலத்தில் ஒரு பாதியில் நெல்லைக் காயவைத்து, மறு பாதியில் பேருந்தும் லாரியும் இருசக்கர வண்டியும் எதிரெதிரே வரும்போது, நாற்பது கிலோமீட்டரும் அதிவேகமே. அங்கே தவறியது ஓட்டுநர் மட்டுமா?

நடப்போரின் நிலை இன்னும் துயரமானது. 2022இல் இந்தியாவில் மாண்ட பாதசாரிகள் 32,825 பேர். ஆகஸ்டு இறுதியில் கொடியேறும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நம் மக்கள் இரவும் பகலும் சாலையோரமாகவே நடக்கின்றனர். சமயபுரத்துக்கும் அவ்வாறே நடக்கின்றனர். 2024 ஜூலையில் தஞ்சை–திருச்சி நெடுஞ்சாலையில் வளம்பக்குடி அருகே, சமயபுரத்துக்கு நடந்து சென்ற பக்தர்கள்மீது சரக்கு வாகனம் மோதிப் பல உயிர்கள் போயின. ஓட்டுநரின் குற்றத்தை நீதிமன்றம் அளந்து சொல்லட்டும். விரையும் வாகனத்துக்கும் நடக்கும் மனிதருக்கும் இடையே ஒரு வெள்ளைக் கோடு மட்டுமே இருந்தால் போதும் என்று கருதியவர் யார் என்று கேட்பது நம் கடமை.

இக்கேள்வியைக் கேட்டவர்கள் உண்டு. மனிதர் தவறுவர், அத்தவறு மரணமாக முடியாதபடி சாலையை அமைப்பதே அரசின் பொறுப்பு என்ற கொள்கையை 1997இல் ஸ்வீடன் நாடாளுமன்றம் ஏற்றது. நம் நாட்டில் கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் எஸ். இராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தை நாடினார். அதன் பயனாக 2014 ஏப்ரலில் நீதிபதி கே. எஸ். இராதாகிருஷ்ணன் தலைமையில் குழு அமைந்தது. மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு, விபத்து மிகும் இடங்களைக் கண்டு திருத்துதல், சாலைகளின் பாதுகாப்புத் தணிக்கை, அவசரச் சிகிச்சை ஆகியவற்றுக்கு 2017 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஆணைகள் பிறப்பித்தது.

ஆகவே ‘யார் குற்றவாளி?’ என்பது ஒரு கேள்வி. ‘அடுத்த உயிரை எப்படிக் காப்பது?’ என்பது வேறொரு கேள்வி. முன்னதற்கு எழுதிய விடையைப் பின்னதற்கும் விடையாகக் கொண்டதே நம் நெடுநாளைய பிழை. வேகத்தைக் கட்டுப்படுத்தத்தான் வேண்டும், அதில் ஐயமில்லை. அதோடு, அதிவேகம் என்று எழுதும் பேனா, எத்தனை கிலோமீட்டர், எந்த வளைவில், எந்த வெளிச்சத்தில், நடப்பவருக்கு அங்கே வழி இருந்ததா என்பதையும் சேர்த்து எழுதட்டும். அவற்றை எழுதாதவரை, அதே வளைவு அடுத்தவருக்காகக் காத்திருக்கும்.