கரணமும் சட்டமும்

மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவர் மணவிலக்கு வேண்டி வழக்கறிஞரை நாடும்பொழுது, காரணம் யாது என்னும் வினாவுக்கு முன்பே வேறிரு வினாக்களை எதிர்கொள்கின்றனர். திருமணம் எவ்வாறு நடந்தது? எங்கே நடந்தது? சட்டப்படி செல்லாத மணத்திற்கு விலக்கு ஏது? ஆதலின் மணவிலக்கின் வரலாற்றை நாம் மணத்தின் வரலாற்றிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

பொய்ம்மையும் தவறும் தலைகாட்டிய பின்னரே மணச்சடங்கு வகுக்கப்பட்டது என்பது தொல்காப்பியர் கற்பியலில் தரும் செய்தி. ஏமாற்றுக்கு அணையாக வந்தது கரணம். அவ்வணையே ஏமாற்றுவோர்க்கு அரணாகவும் ஆகக்கூடும் என்பதைப் பிற்கால நீதிமன்றங்கள் கண்டன.

1928 ஆம் ஆண்டில் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் தந்தை பெரியார் புரோகிதரின்றித் திருமணம் ஒன்றை நடத்தி வைத்தார். அதன்பின் ஆயிரக்கணக்கான சுயமரியாதைத் திருமணங்கள் நடந்தேறின. ஊர் ஏற்றது, உறவும் ஏற்றது. சட்டமோ ஏற்கவில்லை. சமயச் சடங்குமின்றி, தொன்றுதொட்ட வழக்கமுமின்றி நடந்த மணம் செல்லாது என 1953 இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருபத்தைந்து ஆண்டுக்காலம் இல்லறம் நடத்தியவர்களின் நிலை என்னவாயிற்று என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மனைவிக்கு மனைவி என்னும் பெயரில்லை. பிள்ளைகளின் சொத்துரிமையும் வினாக்குறியாயிற்று.

இதற்கிடையே மணவிலக்குச் சட்டங்கள் வந்துவிட்டன. பம்பாய் மாகாணம் 1946 இல் இருதார மணத்தைத் தடுத்து, 1947 இல் இந்துக்களுக்கு மணவிலக்குரிமை வழங்கியது. சென்னை மாகாணம் 1949 இல் இவ்விரண்டையும் ஒரே சட்டத்தில் செய்தது. இவற்றின் வழியில் 1955 இல் இந்து திருமணச் சட்டம் நாடு முழுமைக்குமாக வந்தது. எனினும் மணமே செல்லாதென்றால் இவ்வுரிமைகளால் யாது பயன்?

அண்ணா முதலமைச்சராயிருந்தபோது, 1967 இல் சென்னை மாநிலச் சட்டமன்றம் அச்சட்டத்தில் 7-அ என்னும் பிரிவைச் சேர்த்தது. உற்றார், நண்பர் முதலியோர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகத் தமக்குத் தெரிந்த மொழியில் உரைத்தல், அல்லது மாலை மாற்றுதல், அல்லது மோதிரம் அணிவித்தல், அல்லது தாலி கட்டுதல் - இவற்றுள் ஒன்றே போதும். முதல் வரைவில் இவையெல்லாம் ஒருங்கே வேண்டுமென இருந்ததாகவும், பெரியாரின் கருத்தை ஏற்று ‘அல்லது’ இடப்பட்டதாகவும் சொல்வதுண்டு. ஓர் இடைச்சொல் எத்துணைப் பேரின் தாலியைக் காத்தது! முன்பு நடந்த மணங்களும் தொடக்கம் முதலே செல்லுபடியாயின.

இப்பிரிவின் ஆற்றல் 2001 இல் உச்சநீதிமன்றத்தில் விளங்கிற்று. மனைவி இருக்கவே மற்றொருத்திக்குத் தாலி கட்டிய ஒருவர், ஏழடி வலம் வரவில்லை, ஆகவே அது மணமே அன்று எனத் தப்ப முயன்றார். சடங்கின் குறையையே கேடயமாகக் கொண்ட அவ்வாதத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை. தாலியும் மாலையும் போதுமென 7-அ கூறுவதால் அது மணமே, மணமாகவே, குற்றமுமாயிற்று.

ஆனால் நம்போன்றோர் நோக்க வேண்டியது ஒன்றுண்டு. இப்பிரிவு தமிழ்நாட்டுக்கும், 1971 முதல் புதுச்சேரிக்கும் உரியது. மாட்டுங்காவிலோ கரோல்பாக்கிலோ மாலை மட்டும் மாற்றிக்கொண்டோர் இதனை நம்பியிருத்தல் தகாது. ஆங்கே இரு வீட்டாருள் ஒருவரது வழக்கச் சடங்கேனும் நிறைவேற வேண்டும். சடங்கு வேண்டாவெனின் 1954 ஆம் ஆண்டின் தனித் திருமணச் சட்டப்படி, பதிவு அலுவலரும் மூன்று சாட்சிகளும் இருக்க மணம் முடிக்கலாம்.

இனி, வழக்கை எங்கே தொடுப்பது? மணம் மதுரையில், குடித்தனம் மும்பையில், மனைவி இப்போது திருச்சியில் தாய்வீட்டில் என்று கொள்வோம். மணம் நடந்த ஊர், இருவரும் இறுதியாக ஒன்றாய் வாழ்ந்த ஊர், எதிர்த்தரப்பினர் வாழும் ஊர் ஆகியவற்றின் நீதிமன்றங்களே முன்பு கைகொடுத்தன. கைக்குழந்தையோடு மும்பைக்கும் மதுரைக்கும் இரயிலேறி அலைந்த பெண்களை நாம் அறிவோம். 2003 இல் வந்த திருத்தம், மனைவி மனுதாரராயின் தாம் வாழும் ஊரிலேயே மனுச் செய்யலாம் என்றது. இன்று அப்பெண் திருச்சியிலேயே வழக்குத் தொடுக்கலாம்.