என்ஜின் ஆயில் மாற்றும் காலம்

காரின் என்ஜின் ஆயில் எப்போது வேலைத்திறனை இழக்கிறது என்பதை ஓடிய தூரம், கழிந்த மாதங்கள், கார் ஓட்டப்பட்ட விதம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். முதல் இரண்டையும் சர்வீஸ் அட்டை நினைவூட்டிவிடும். கடைசியானது ஓட்டுபவருக்கு மட்டுமே தெரியும்.

ஆயில் உராய்வைக் குறைப்பதோடு நிற்பதில்லை. பிஸ்டனின் சூட்டைத் தணிக்கிறது. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவிலுள்ள நுண்ணிய இடைவெளியை அடைக்கிறது. எரிபொருள் எரிவதால் உண்டாகும் கரியையும் அமிலத்தையும் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. இதற்காக அடிப்படை எண்ணெயுடன் பல வேதிச் சேர்மானங்கள் கலக்கப்படுகின்றன. ஓட ஓட முதலில் தீர்வது இந்தச் சேர்மானங்கள்தாம். அமிலத்தை முறிக்கும் சேர்மானம் வற்றினால் பேரிங்குகள் அரிக்கப்படும். சூட்டில் ஆக்சிஜனுடன் வினைபுரிந்து ஆயில் தடிக்கும். அப்படியே விட்டால் வண்டலாகி, ஆயில் பம்ப் உறிஞ்சும் இடத்திலுள்ள வலையை அடைக்கும்.

அமெரிக்காவில் நெடுங்காலம் 3,000 மைல், அதாவது சுமார் 4,800 கி.மீ., என்ற கணக்கு வழக்கில் இருந்தது. இன்றைய என்ஜின்களுக்கும் ஆயில்களுக்கும் அது தேவைக்கு மீறியது. இந்தியாவில் விற்கப்படும் கார்கள் பலவற்றுக்கு 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அதுவே கெடு. மாடலுக்கு மாடல் இது மாறும் என்பதால் கையேட்டில் உள்ள எண்ணே இறுதியானது.

அதே கையேட்டில் ‘கடினப் பயன்பாடு’ பற்றிய பகுதி ஒன்று இருக்கும். தூசி நிறைந்த சாலை, பாரம் இழுத்தல், நெரிசலில் ஊர்தல், அடிக்கடி சிறு தூரம் ஓட்டுதல் ஆகியவை அதில் அடங்கும். சென்னையில் பள்ளிக்கூடத்துக்கும் காய்கறிக் கடைக்கும் இரண்டு மூன்று கி.மீ. மட்டுமே போய்வரும் காரில் ஆயில் முழுச் சூட்டை எட்டுவதே அரிது. எரிதலில் உண்டாகும் நீராவியும் எரியாத பெட்ரோலும் ஆவியாகி வெளியேறாமல் அதிலேயே தங்கிவிடுகின்றன. சிக்னலில் நிற்கும்போது என்ஜின் ஓடுகிறது, ஓடோமீட்டர் ஓடுவதில்லை. ஆகவே இப்படி 4,000 கி.மீ. ஓடிய காரின் ஆயில், திருச்சி நெடுஞ்சாலையில் 8,000 கி.மீ. ஓடிய காரின் ஆயிலைவிட மோசமாகியிருக்கக்கூடும். இத்தகைய கார்களுக்குக் கெடுவைச் சுருக்கிக்கொள்வது நல்லது.

நிறத்தை வைத்து முடிவுசெய்வதுதான் மிகப் பரவலான தவறு. டீசல் காரில் புது ஆயில் சில நூறு கி.மீ.க்குள் கறுத்துவிடும். கரியைப் படியவிடாமல் மிதக்கவைக்கும் சேர்மானம் சரியாக வேலை செய்கிறது என்றே அதற்குப் பொருள். மாறாக, சிஎன்ஜி என்ஜினில் கரி குறைவாக உண்டாவதால், திறன் தீர்ந்த பிறகும் ஆயில் தெளிவாகத் தெரியலாம்.

ஆயில் மட்டத்தைப் பார்க்கும் குச்சியான டிப் ஸ்டிக் வேறு செய்திகளைச் சொல்லும். சமதளத்தில் காரை நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, குச்சியை உருவித் துடைத்து மறுபடி செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீரோ கூலன்டோ கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட் பழுதாகியிருக்கலாம். உலோகத் துகள் மினுங்கினால் உள்ளே ஏதோ தேய்கிறது. இவை இரண்டும் ஆயிலை மாற்றுவதால் மட்டும் தீர்பவை அல்ல. ஆயில் மட்டம் ஏறுவதும் கெட்ட அறிகுறியே. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 விதிகளுக்கு ஏற்ற டீசல் கார்களில், புகைபோக்கி வடிகட்டியில் சேரும் கரியை எரிக்கக் கூடுதல் டீசல் பீய்ச்சப்படுகிறது. நகருக்குள்ளேயே ஓடும் காரில் இந்த எரிப்பு பாதியில் நின்றுபோகும்போது, டீசலில் ஒரு பகுதி ஆயிலில் இறங்கி அதை நீர்த்துப்போகச் செய்கிறது.

டாஷ்போர்டில் எரியும் சிவப்பு எண்ணெய்க் குவளை விளக்கை ஆயில் மாற்றச் சொல்லும் நினைவூட்டலாகக் கருதக் கூடாது. ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டது என்பதே அதன் பொருள். உடனே ஓரங்கட்டி என்ஜினை அணைக்காவிட்டால் சில நிமிடங்களில் என்ஜின் சீஸ் ஆகிவிடலாம். சில கார்களில் ஆயிலின் மீதி ஆயுளைச் சதவீதமாகக் காட்டும் வசதி உண்டு. பலவற்றில் அது ஆயிலைச் சோதிப்பதில்லை; என்ஜின் சுழற்சிகளையும் வெப்பநிலையையும் வைத்துக் கணக்கிடுகிறது. மாற்றிய பின் அதை மீண்டும் நூறுக்குக் கொண்டுவர மறந்தால் கணக்கு பிசகும்.

ஆயிலோடு ஃபில்டரையும் மாற்ற வேண்டும். முந்தைய சர்வீஸ் பதிவு இல்லாத பழைய காரை வாங்குபவர், இரண்டையும் உடனே மாற்றி, அன்றைய ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துவைத்து, அங்கிருந்து கணக்கைத் தொடங்கலாம்.