வாங்குபவருக்கு ஒரு வாசகம், வாடகைதாரருக்கு வேறொன்று: அமெரிக்க ஈயப்பூச்சு அறிவிப்பின் வரலாறு குறித்து

அமெரிக்கக் குழந்தைகளிடையே ஈயப்பூச்சு நஞ்சான வரலாற்றை 1980 வரை விவரிக்கிறது பீட்டர் இங்கிலிஷின் ‘ஓல்டு பெயின்ட்’ (2001). ஒரு காலத்தின் செயல்களை அக்காலத்து மருத்துவ அறிவை வைத்தே எடைபோட வேண்டும் என்பது அந்நூலின் நிலைப்பாடு. பொதுவாக இதை யாரும் மறுக்க மாட்டார்கள். சிக்கல், இந்த நிலைப்பாடு வரலாற்றை ஒரு படிக்கட்டாக ஆக்கிவிடுவதில்தான்: முதலில் அறியாமை, பிறகு ஐயம், பிறகு தெளிவு, தெளிவு பிறந்ததும் சட்டம். பழைய வீடுகளில் குடியிருப்போருக்கு ஆபத்தை அறிவிக்கும் விதிகளை இந்தப் படிக்கட்டின் உச்சிப்படியாக வாசிப்பது சுலபம். இங்கிலிஷ் 1980இல் நிறுத்திக்கொண்டதால் அவர் அப்படிச் சொன்னார் என்று குற்றஞ்சாட்ட முடியாது. ஆனால் அவர் வாசிப்பை நீட்டினால் அங்கேதான் போய்ச் சேரும். அந்த அறிவிப்பு அறிவின் முதிர்ச்சியல்ல, பூச்சை அகற்றும் கடமை கைவிடப்பட்டபின் எஞ்சியது என்பதே என் வாதம்.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன், குழந்தைகளின் ஈயநோய்க்கு வராந்தாக் கம்பிகளிலும் அறைச்சுவர்களிலும் இருந்த பூச்சே மூலம் என்று 1904இலேயே எழுதிவிட்டார். வெயிலில் வெளிறிப் பொடியாகும் பூச்சு குழந்தையின் விரலில் ஒட்டி, விரல் சூப்பும்போதும் நகம் கடிக்கும்போதும் வாய்க்குள் போகிறது என்பது அவர் தந்த விளக்கம். குயின்ஸ்லாந்து 1922இல் சட்டம் இயற்றியது. அது குடியிருப்போருக்கு எதையும் அறிவிக்கச் சொல்லவில்லை, குழந்தைகளின் கைக்கு எட்டும் இடங்களில் ஈயப்பூச்சைக் கட்டுப்படுத்தியது. கிப்சன் கண்டது அந்த ஊர் வெயிலின் விளைவு, அமெரிக்காவுக்குப் பொருந்தாது எனலாம். ஆனால் பால்டிமோரில் மருத்துவர்கள் தாமஸும் பிளாக்ஃபனும் 1914இல் பதிவுசெய்த சிறுவன் கடித்தது வராந்தாக் கம்பியை அல்ல, தன் கட்டிலின் பூச்சை. அதே நகரம் 1951இல் வீட்டின் உட்புறத்தில் ஈயப்பூச்சைத் தடைசெய்தது. நாடு முழுவதற்குமான தடைக்கு 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த இடைவெளியை அறியாமையால் மட்டும் நிரப்ப முடியாது.

மத்திய அரசின் உதவி பெற்ற, 1950க்கு முன் கட்டப்பட்ட வீடுகளுக்காக 1973இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம் இரண்டைச் சேர்த்தே கேட்டது: ஆபத்தை இயன்றவரை நீக்க வேண்டும், வாங்குவோருக்கும் வாடகைதாரருக்கும் அறிவிக்கவும் வேண்டும். தனியார் வீடுகளுக்கு வந்த 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் 1018ஆம் பிரிவில் அறிவிப்பு மட்டுமே தங்கியது. சோதிக்கவோ அகற்றவோ விற்பவருக்குக் கடமை உண்டு என்று பொருள்கொள்ள வேண்டாம் என்பதை அதன்கீழ் வந்த விதிகள் வெளிப்படையாகவே சொல்கின்றன. ‘எனக்குத் தெரியாது’ என்ற கட்டத்தில் குறியிட்டாலும் அறிவிப்புப் படிவம் செல்லும். இங்கே இரண்டு எச்சரிக்கை வாசகங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். வீடு வாங்குபவருக்கான வாசகத்தைச் சட்டமே எழுதித் தந்தது. குழந்தைகளுக்கு நிரந்தர நரம்புப் பாதிப்பு, கற்றல் குறைபாடு, அறிவுத்திறன் குறைவு, நடத்தைச் சிக்கல், நினைவாற்றல் பழுது நேரலாம் என்று அது வரிசையாகச் சொல்கிறது. வாங்குமுன் சோதித்துப் பார்க்கவும் பரிந்துரைக்கிறது. அதற்குப் பத்து நாள் அவகாசமும் உண்டு. வாடகைதாரருக்கான வாசகம் 1996ஆம் ஆண்டு விதியில் வந்தது. அதில் இந்த வரிசை இல்லை. ஈயம் சரியாகக் கவனிக்கப்படாவிட்டால் உடல்நலத்துக்குத் தீங்கு தரலாம், சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடுதல் கேடு என்பதோடு பாதிப்பு பற்றிய பேச்சு முடிகிறது. சோதனைப் பரிந்துரையும் இல்லை, பத்து நாளும் இல்லை. சுவரைச் சுரண்டிச் சரிசெய்யும் உரிமையே இல்லாதவருக்குத்தான் மென்மையான வாசகம் கிடைத்திருக்கிறது. மருத்துவ அறிவு வளர வளர எச்சரிக்கையும் கூர்மையாகும் என்றால், ஒரே சட்டத்தின்கீழ் இந்த இரண்டும் எப்படிப் பிறந்தன?

வாடகைதாரருக்கும் ஈய ஆபத்து பற்றிய கையேடு தரப்படுகிறது, பாதிப்புகள் அதில் விரிவாக உள்ளன என்று மறுக்கலாம். உண்மைதான். ஆனால் கையெழுத்தாகி மூன்றாண்டு பாதுகாக்கப்படுவது ஒப்பந்தத்தோடு இணைந்த தாள். கையேட்டைப் பொறுத்தவரை அது கைக்கு வந்தது என்பதற்கான அடையாளம் மட்டுமே அத்தாளில் இருக்கிறது. வலுவான மறுப்பு வேறொன்று: 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் வேறு பிரிவுகள் பூச்சை அகற்ற நிதியும் ஒதுக்கின. ஆகவே என் வாதத்தை 1018ஆம் பிரிவு விதிக்கும் கடமையோடு நிறுத்திக்கொள்வதே முறை. வாசக வேறுபாடு திட்டமிட்டதா, அலட்சியமா என்பதை இரண்டு வாசகங்களை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. விளைவைத்தான் சொல்ல முடியும். அறிவிப்புக் கடமையின் தொடக்க ஆண்டும் ஒன்றல்ல, வீட்டுக்கு வீடு மாறுகிறது. அரசு உதவி பெற்ற பழைய வீடுகளுக்கு அது 1973. 1960இல் கட்டிய வீடு 1950 என்ற எல்லைக்கு வெளியே நின்றது. அந்த எல்லையை 1978க்கு நகர்த்தியது 1987ஆம் ஆண்டுத் திருத்தம். தனியார் வீடுகளிலோ, நான்குக்கு மேல் வீடு வைத்திருந்த உரிமையாளருக்கு 1996 செப்டம்பர் 6, மற்றவர்களுக்கு டிசம்பர் 6.